பதினொன்றாம் வகுப்பில் எந்த ஐந்து பாடங்கள்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த வீடுகளில் ஒரே பேச்சுதான். பதினொன்றில் என்ன எடுப்பது? பிள்ளை "டாக்டருக்குப் படிக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டால் போதும், ஊரிலிருந்து மாமாவும் சித்தப்பாவும் போனில் யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். "ஃபர்ஸ்ட் குரூப் எடுக்கச் சொல், எப்படியும் போகலாம்" என்பார் ஒருவர். "மெடிக்கலுக்குக் கணக்கு எதற்கு, ப்யூர் சயின்ஸ் போதும்" என்பார் இன்னொருவர். இருவரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் படித்த காலம் வேறு, ஊரும் வேறு.

தமிழ்நாட்டில் 2006 வரை மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம் என்றாயிற்று. 2017 முதல் அங்கும் நீட் தேர்வுதான். 2020 முதல் எய்ம்ஸ், ஜிப்மர் கல்லூரிகளுக்கும் அதே தேர்வு. ஆகவே இன்றைய நிலையைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பதே நல்லது.

கட்டாயப் பாடங்கள்

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தில்லியில் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படிக்கிறார்கள். இங்கே ஊரில் போலக் குரூப் கிடையாது. ஐந்து பாடங்கள் கட்டாயம், விரும்பினால் ஆறாவதும் எடுக்கலாம். மருத்துவத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய நான்கும் வேண்டும். உயிரியலுக்குப் பதில் பயோ டெக்னாலஜியும் ஏற்கப்படும். மூன்று அறிவியல் பாடங்களிலும் சேர்த்து 50 சதவீதம் தேவை. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், இதர பிற்பட்டோருக்கு 40 சதவீதம். இதைத் தாண்டிவிட்டால் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் தரவரிசையில் சேராது. நீட் மதிப்பெண்தான் கணக்கு.

பதினொன்றில் உயிரியல் எடுக்காமல் விட்டவர்களுக்கும் இப்போது வழி இருக்கிறது. பன்னிரண்டு முடித்த பிறகு அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் அறிவித்தது. ஆனாலும் இதை நம்பி உயிரியலைத் தள்ளிப்போட வேண்டாம். 2025-ஆம் ஆண்டு நீட் தேர்வில் 180 கேள்விகளில் 90 உயிரியலிலிருந்து வந்தவை. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 45. மொத்தம் 720 மதிப்பெண்ணில் பாதி உயிரியலுக்கே போகிறது.

ஐந்தாவது பாடம்

எனவே உண்மையான கேள்வி ஐந்தாவது பாடம் எது என்பதுதான். கணக்கா, கம்ப்யூட்டரா, உடற்கல்வியா, தமிழா?

கணக்கு எடுத்தால் பொறியியலுக்கும் முயலலாம். ஆனால் அது தினமும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் கேட்கும் பாடம். கணக்கில் பிடிப்புள்ள பிள்ளைக்கு அது சுமையாகாது. பத்தாம் வகுப்பிலேயே தடுமாறிய பிள்ளையின் தலையில் "எதற்கும் இருக்கட்டும்" என்று கட்டினால் உயிரியல் படிக்கும் நேரத்தை அது தின்றுவிடும்.

கணக்கை விட்டாலும் இயற்பியல் விடாது. வெக்டார், மடக்கை, முக்கோணவியல், எளிய வகையிடல் ஆகியவை இயற்பியலுக்குள்ளேயே வருகின்றன. கணக்கு எடுக்காத பிள்ளை கோடை விடுமுறையில் இவற்றை மட்டுமாவது யாரிடமாவது கற்றுக்கொள்ளட்டும். உயிரியலில் நல்ல மதிப்பெண் வாங்கியும் இயற்பியலில் சறுக்கி இடத்தைத் தவறவிடும் பிள்ளைகள் பலர்.

தமிழை ஐந்தாவது பாடமாக எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். பள்ளியில் வசதி இருந்தால் தாராளமாக எடுக்கலாம். ஆங்கிலத்துக்குப் பதிலாக என்றால்தான் சிக்கல். சித்த மருத்துவப் பட்டப்படிப்புக்கும் நீட் வழியாகவே சேர்க்கை நடக்கிறது. அங்கே தமிழ் படித்திருப்பது கைகொடுக்கும்.

எந்த ஊர்ப் பள்ளி?

பாடத்தைப் பற்றி இவ்வளவு யோசிக்கும் நாம், பள்ளி எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. என் மைத்துனர் குடும்பம் மயூர் விஹாரில் இருந்தது. மகளைப் பத்து வரை தில்லியில் படிக்க வைத்தவர், கோச்சிங் பக்கத்தில் என்று பதினொன்றுக்கு நொய்டா பள்ளியில் சேர்த்தார். வீடு தில்லி, ரேஷன் கார்டு தில்லி. பெண் நன்றாகவே மதிப்பெண் வாங்கினாள். ஆனால் தில்லி மாணவர்களுக்கான இடத்துக்கு அவள் விண்ணப்பிக்க முடியவில்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மௌலானா ஆசாத், லேடி ஹார்டிங் போன்ற கல்லூரிகளில் 85 சதவீத இடங்கள், பதினொன்று, பன்னிரண்டு இரண்டையும் தில்லி எல்லைக்குள் உள்ள பள்ளியில் படித்தவர்களுக்கு. நொய்டா உத்தரப் பிரதேசம், குர்காவ் ஹரியானா. மெட்ரோவில் பத்து நிமிடம் என்பதை விதி பார்ப்பதில்லை.

எஞ்சியது 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீடு மட்டும். அதில் நாடு முழுவதும் போட்டி. மறு வருடம் பெற்றோரின் பழைய சான்றுகளைத் தேடி எடுத்து, பிறப்பிடச் சான்றிதழ் வாங்கி, தமிழ்நாட்டில் விண்ணப்பித்தார்கள். பல் மருத்துவம் கிடைத்தது. பெண் இன்று நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த ஒரு வருடம் அந்த வீட்டில் யாரும் சிரித்ததில்லை.

ஊரை விட்டு வந்தாலும் தமிழ்நாட்டைப் பிறப்பிடமாகக் கொண்டவர்கள் அங்கே மாநில ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் இரண்டு மாநிலங்களில் பிறப்பிட உரிமை கோரக்கூடாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதமும் அங்கேயே ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டுமே.

பெற்றோர் கவனிக்க

1. சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடுமுன் நான்கு கட்டாயப் பாடங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

2. பள்ளியின் முகவரி எந்த மாநிலத்தில் வருகிறது என்று பாருங்கள். மாற்றலாகும் உத்தியோகமானால் அந்த இரண்டு ஆண்டுகள் பிள்ளையை ஒரே ஊரில் வையுங்கள்.

3. பெயருக்குப் பள்ளி, நாளெல்லாம் கோச்சிங் என்ற ஏற்பாட்டுக்குப் போகாதீர்கள். சி.பி.எஸ்.இ. 75 சதவீத வருகை கேட்கிறது.

4. பிறப்பிட, சாதிச் சான்றுகளை இப்போதே தயார் செய்யுங்கள். அந்தந்த ஆண்டின் விதிக் குறிப்பேட்டை முழுதும் படியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, எந்தப் பாடப் புத்தகத்தைத் தானாக எடுத்துப் படிக்கிறது என்று கேளுங்கள். ஊர் யோசனையை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.