வாடகை ஸ்கீயில் ஏறுவதற்கு முன்

உத்தராகண்டின் ஆலியிலோ காஷ்மீரின் குல்மார்க்கிலோ முதன்முறையாகப் பனிச்சறுக்கு கற்கப் போகிறவர்கள் சொந்த ஸ்கீயோடு போவதில்லை. அங்கேயே வாடகைக்கு எடுக்கிறார்கள். கடைக்காரர் செருப்பு அளவைக் கேட்டு பூட்ஸை எடுத்துக் கொடுப்பார். ஸ்கீயின் மேல் பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும் பைண்டிங்கில் அதை வைத்து அழுத்துவார். ‘டக்’ என்று சத்தம் கேட்டதும் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அதன் பிறகு அரை நாள் விழுந்து எழுந்து, “இதெல்லாம் நம்ம உடம்புக்குச் சரிப்படாது” என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. குறை உடம்பில் இல்லாமலே இருக்கலாம். பூட்ஸ் ஸ்கீயின் எந்த இடத்தில் நிற்கிறது, பைண்டிங் எவ்வளவு இறுக்கமாக வைக்கப்பட்டிருக்கிறது என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்வது காசு கொடுப்பவரின் உரிமை. கேட்காமல் விட்டால் முழங்காலுக்கே ஆபத்து.

முதலில் இடம். பூட்ஸின் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில், நடுவைக் காட்டும் சிறு கோடு இருக்கும். ஸ்கீயின் மேற்பரப்பிலும் தயாரிப்பாளர் ஒரு குறி போட்டிருப்பார். பூட்ஸை மாட்டியதும் இவ்விரண்டும் நேருக்கு நேர் வரவேண்டும். ஒரு தோணியில் ஆள் முன்னால் நகர்ந்தால் மூக்கு தாழும், பின்னால் நகர்ந்தால் மூக்கு எழும்; ஸ்கீயும் அப்படித்தான். குறியைவிட ஒரு சென்டிமீட்டர் முன்னே நின்றாலே திரும்புவது எளிதாகிவிடும். ஆனால் புதிதாகப் பெய்த ஆழமான பனியில் முனை புதையும். பின்னே நின்றால் நேராகப் போகும்போது நிதானம் கிடைக்கும், பனியின் மேல் மிதக்கவும் செய்யும். ஆனால் முனை பனியைப் பிடிக்காது. திருப்ப நினைத்தால் திரும்பாது. தேர்ந்தவர்கள் தங்கள் விருப்பப்படி முன்னும் பின்னும் மாற்றிக்கொள்வது வேறு விஷயம். கற்றுக்கொள்பவருக்குக் குறியில் நிற்பதே நல்லது.

இந்தக் குறி எப்படித் தவறுகிறது? சில பைண்டிங்குகளில் முன்பகுதி அசையாது, குதிகால் பகுதியை மட்டுமே நகர்த்த முடியும். நீளமான பூட்ஸுக்காக அதை 20 மில்லிமீட்டர் பின்னால் தள்ளினால், பூட்ஸின் நடு 10 மில்லிமீட்டர் பின்னுக்குப் போய்விடும். பெரிய பாதக்காரர்கள் தெரியாமலே பின்னால் நிற்கிறார்கள். இரு பகுதிகளும் நகரும் பைண்டிங்கில் வேறொரு தவறு நேரும்: அவசரத்தில் இடது ஸ்கீயில் ஓரிடத்திலும் வலது ஸ்கீயில் இன்னோரிடத்திலும் பூட்டிவிடுவார்கள். ஒரு பக்கம் சுலபமாகத் திரும்பி, மறுபக்கம் திரும்ப அடம்பிடித்தால் உங்கள் காலைச் சந்தேகிக்கும் முன் இரண்டு ஸ்கீயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது இறுக்கம். விழும்போது காலை விடுவிப்பதுதான் பைண்டிங்கின் வேலை. ஹ்யால்மர் ஹ்வாம் என்ற நார்வே வம்சாவளி அமெரிக்கர் 1937இல் கால் முறிந்து கிடந்தபோது, தானாகக் கழலும் பைண்டிங்கை யோசித்து உருவாக்கினார். இன்று எவ்வளவு விசையில் அது கழல வேண்டும் என்பதை ‘டின்’ எண் சொல்கிறது. அதைக் கணக்கிட ஐ.எஸ்.ஓ. 11088 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. எடை, உயரம், வயது, சறுக்கும் திறன், பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம் ஆகிய ஐந்தும் வேண்டும். ஒன்பது வயது வரை உள்ளவர்களுக்கும் ஐம்பதைத் தொட்டவர்களுக்கும் அந்தத் தரத்தின் அட்டவணையில் ஒரு படி குறைத்து வைக்கவேண்டும். எடையைச் சொல்லக் கூச்சப்பட்டோ, ‘எனக்கு நல்லாவே தெரியும்’ என்று பெருமைக்குச் சொல்லியோ கணக்கைக் கெடுத்துவிடாதீர்கள். செருப்பு அளவு மட்டும் போதாது. ஒரே அளவுள்ள இரண்டு நிறுவன பூட்ஸுகளின் அடிநீளம் வேறுபடும். குதிகால் பக்கம் 305 மி.மீ. என்பதுபோல் அச்சிட்டிருக்கும் எண்தான் கணக்கு.

டக் சத்தம் கேட்டதாலேயே எல்லாம் சரி என்று ஆகிவிடாது. குதிகால் பகுதி பூட்ஸை முன்னோக்கி எவ்வளவு அழுத்துகிறது என்று காட்ட பைண்டிங்கிலேயே ஓர் அடையாளம் உண்டு. அது உரிய வரம்புக்குள் நிற்கவேண்டும். தட்டையான அடிப்பாகம், வளைந்த ரப்பர் அடிப்பாகம், மலையேற்றத்துக்கான அடிப்பாகம் என்று வகைகள் உள்ளன. எல்லா பைண்டிங்கும் எல்லாவற்றையும் ஏற்காது. பூட்ஸோடு தார்ச்சாலையில் நடந்து நடந்து அடிப்பாகம் தேய்ந்திருந்தாலும், பனி ஒட்டியிருந்தாலும் கழலவேண்டிய நேரத்தில் கழலாமல் போகலாம்.

எல்லாம் சரியாக இருந்தாலும் பைண்டிங் முழங்காலுக்கு முழுக் காப்பு தராது என்பதைச் சொல்லியாக வேண்டும். முன்பகுதி பக்கவாட்டிலும் குதிகால் பகுதி மேல்நோக்கியும் கழலும் வகையில், கணுக்கால்-முன்னங்கால் எலும்பு முறியாமல் காக்கத்தான் பெரும்பாலான பைண்டிங்குகள் செய்யப்பட்டன. பின்னால் சாய்ந்து உட்காருவதுபோல் விழும்போது பூட்ஸுக்குப் பின்னாலுள்ள ஸ்கீப் பகுதி நெம்புகோலாகி முழங்காலைத் திருகும். உள்ளே இருக்கும் தசைநார் அறுந்துவிடலாம். இதை எட்லிங்கர், ஜான்சன், ஷீலி ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் விளக்கி எழுதியிருக்கிறார்கள். இதைத் தவிர்க்க, கைகளை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். விழுந்து சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழ முயலாதீர்கள்.

கடையில் டின் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். ஒரு நாள் வாடகையைவிட முழங்கால் பெரிது. இரண்டு ஸ்கீயின் குறியையும், எண் தெரியும் பகுதியையும், ரசீதையும் படம் எடுத்து வையுங்கள். அடிபட்டுவிட்டால் ஸ்கீயைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே மறுபடி படம் எடுப்பது அவசியம், ஏனென்றால் அடுத்த வாடிக்கையாளருக்காக அது உடனே மாற்றியமைக்கப்படும்.

‘எல்லாப் பொறுப்பும் என்னுடையது’ என்று கையெழுத்துப் போட்டிருந்தாலும் வழி முற்றிலும் அடைபட்டதாக எண்ணவேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடு கேட்க வழிசெய்கிறது. நியாயமற்ற ஒப்பந்தத்தைக் கேள்விக்குள்ளாக்கவும் இடமிருக்கிறது. சேவைக் குறைபாட்டுப் புகாரை உங்கள் ஊரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். ஆலி வரை அலைய வேண்டியதில்லை. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. காலக்கெடு 2 ஆண்டு. வழி தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் கேட்கலாம். சாகச விளையாட்டுகளை விலக்கிவைக்கும் பயணக் காப்பீடுகள் உண்டு என்பதால், டிக்கெட் எடுக்கும்போதே அந்தப் பக்கத்தையும் படித்துவிடுங்கள்.