ஆயில் டிரம்மில் ஸ்வரம் எடுக்கும் தொழில்

சமயபுரம் பக்கம் டிங்கரிங், வெல்டிங் பழகும் நம் பிள்ளைகளுக்காக இது. டிரினிடாட் தீவின் ஏழைத் தெருக்களில் 1930களின் கடைசியில் தகர டப்பாக்களைத் தட்டித் தொடங்கியது ஸ்டீல்பேன் வாத்தியம். 1940களில் ஆயில் டிரம்முக்கு வந்தது. (வாத்தியம் கூடுமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இங்கே பேசுவது கைத்தொழிலை.)

டிரம்மின் அடித்தகட்டைச் சம்மட்டியால் உள்நோக்கி அடித்துக் கிண்ணமாக்குவார்கள். ஸ்வர இடங்களைக் குறித்து, ஓரங்களைப் பஞ்சால் குத்தி, தீயில் சுட்டு ஆறவிடுவார்கள். அதன்பிறகே சுருதி. பெரிய இடத்தில் கீழ் ஸ்வரம், சிறியதில் மேல் ஸ்வரம். சிக்கல் என்னவென்றால், ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்து ஸ்வரம் கலையும். திரும்ப அதற்குப் போக வேண்டும். சம்மட்டி சீக்கிரம் கைக்கு வந்துவிடும், காது பழகத்தான் வருடங்கள் ஆகும். நாள்பட சுருதி இறங்குவதால் விற்ற பின்பும் வேலை வரும்.

ஸ்டீல்பேன் பழக டிரினிடாட் போக முடியாதுதான். ஆனால் புதுச்சேரி அருகே ஆரோவில்லில் 'ஸ்வரம்' பட்டறை 2003 முதல் நடக்கிறது. இசையே தெரியாத சுற்றுக் கிராமத்து இளைஞர்கள் அங்கே பழகி, உலோகக் குழாய் மணிகள் முதலானவற்றைச் செய்கிறார்கள். தொங்கும் குழாயின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு நான்கு மடங்காகும்; அதனால் கொஞ்சம் கூடுதலாக அறுத்தாலும் ஸ்வரம் தப்பிவிடும்.

பெற்றோர் கவனத்துக்கு: காலி டிரம்மையோ கேஸ் சிலிண்டரையோ பிள்ளைகள் தாங்களாக வெட்ட விடாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். பட்டறையில் சேர்ந்தால், சம்மட்டி எடுக்கும்போதெல்லாம் காதடைப்பான் போடுகிறார்களா என்றும் பாருங்கள்.