கப்பல் ஏற எந்த ஊருக்குப் போவது?

தென்காசியில் நின்றுகொண்டு கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் இரண்டு பக்கமும் கை நீட்டலாம். கிழக்கே திருநெல்வேலியைத் தாண்டித் தூத்துக்குடி, மேற்கே செங்கோட்டைக் கணவாயைத் தாண்டிக் கொல்லம். இரண்டுமே நூறு கிலோமீட்டரைச் சுற்றித்தான். விமான நிலையமும் அப்படியே: தூத்துக்குடியின் வாகைகுளம், திருவனந்தபுரம், மதுரை, கொஞ்சம் மனசு வைத்தால் கொச்சியின் நெடும்பாசேரி. அதனால் சொகுசுக் கப்பலில் ஒரு பயணம் போய்வரலாம் என்று வீட்டில் பேச்சு வந்ததும், "நமக்கென்ன, எல்லாம் பக்கம்தானே" என்று தோன்றிவிடுகிறது. டீயை ஆற்றிக் குடித்தபடியே இதை நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் துறைமுகம். ஓர் ஊரில் துறைமுகம் இருக்கிறது என்பது வேறு, அங்கே ஆள் ஏற்றும் கப்பல் வருகிறது என்பது வேறு. தூத்துக்குடி பெரிய துறைமுகம்தான், ஆனால் அதன் பிழைப்பு சரக்கில். 2011 ஜூனில் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற கப்பல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகளை ஏற்றிப் போகத் தொடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் நின்றும்போனது. திருவனந்தபுரத்தை ஒட்டிய விழிஞ்ஞம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய கப்பல்களெல்லாம் அங்கே வந்து நிற்கின்றன என்றாலும் அவை ஏற்றி இறக்குவது கன்டெய்னர் பெட்டிகளை. நம் கைக்கெட்டும் தூரத்தில் சுற்றுலாக் கப்பலுக்கென்று தனி முனையம் வைத்திருப்பவை கொச்சியும் சென்னையும். கொச்சியில் வெலிங்டன் தீவில் 'சாகரிகா' முனையம் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சென்னையில் துறைமுகத்துக்குள்ளேயே முனையம் இருக்கிறது.

இந்த இரண்டில் எது என்பதை நாம் முடிவு செய்வதில்லை, காற்று முடிவு செய்கிறது. குற்றாலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. ஆனி, ஆடியில் ஆரியங்காவுப் பக்கமிருந்து கணவாய் வழியாகப் புகுந்து நம் முகத்தில் சாரலாக விழுகிற அந்தத் தென்மேற்குக் காற்றுதான், அங்கே கொச்சிக்கு வெளியே அரபிக் கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. அந்த மாதங்களில் மேற்குக் கரையில் சொகுசுக் கப்பல் ஓட்டினால் ஏறியவர்கள் பாதிப் பேர் அறையைவிட்டு வெளியே வரமாட்டார்கள். ஆகவே கப்பல் கிழக்கே வந்துவிடும். 2022 ஜூன் 4 அன்று 'எம்பிரஸ்' என்ற கார்டிலியா நிறுவனத்துக் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டதும், அடுத்த ஆண்டு ஜூனிலேயே அது சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலைப் பக்கம் போனதும் இந்தக் கணக்கில்தான். ஐப்பசியில் காற்று திரும்பி வங்கக் கடலில் புயல் சின்னம் தோன்றத் தொடங்கினால் கிழக்குக் கரைக்கு ஓய்வு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய கப்பல், சில நாட்களிலேயே வடகிழக்குப் பருவமழையைக் காரணம் சொல்லி நிறுத்தப்பட்டது நினைவிருக்கும். ஆக, குற்றாலத்தில் சீசன் என்றால் சென்னை. சீசன் முடிந்து அக்டோபர் தொடங்கி ஏப்ரல், மே வரை என்றால் கொச்சி அல்லது மும்பை.

இனி, எல்லோரும் வழுக்குகிற இடத்துக்கு வருவோம். கப்பல் டிக்கெட் கைக்கு வந்ததும் நாம் தேடுவது, வீட்டுக்குப் பக்கத்து விமான நிலையம் எது என்பதைத்தான். தேட வேண்டியது கப்பலுக்குப் பக்கத்தில் நம்மை இறக்கிவிடுவது எது என்பதை. கேட்டால் சின்ன வித்தியாசம்போல இருக்கும், ஆனால் பணமும் நேரமும் இதில்தான் கரைகின்றன. கல்யாண முகூர்த்தம் ஒன்பதரைக்கு என்றால் மண்டபம் எவ்வளவு தூரம், பஸ் எத்தனை மணிக்கு, எழுந்து குளித்துக் கிளம்ப எவ்வளவு நேரம் என்று பின்னோக்கித்தானே எண்ணுகிறோம்? கப்பலுக்கும் அப்படித்தான் எண்ண வேண்டும். தொடக்கப் புள்ளி நம் வாசல் இல்லை, கப்பலின் ஏணிப்படி.

கொச்சியை எடுத்து எண்ணிப் பார்ப்போம். ஒரு காலத்தில் இந்தக் கணக்குக்கே அவசியம் இருந்ததில்லை. பிரிஸ்டோ என்ற ஆங்கிலப் பொறியாளர் காயலைத் தூர்வாரி, அள்ளிய மண்ணைக் கொட்டி உருவாக்கியதுதான் வெலிங்டன் தீவு. கப்பல்துறை, 'கொச்சின் ஹார்பர் டெர்மினஸ்' ரயில் நிலையம், கடற்படையின் விமான தளம் மூன்றும் அந்த ஒரே தீவில் இருந்தன. பயணிகள் விமானங்களும் அந்தத் தளத்தில்தான் இறங்கின. 1999இல் நெடும்பாசேரி திறந்த பிறகு விமானம் ஊருக்கு வடக்கே போய்விட்டது. ஹார்பர் டெர்மினஸிலும் வழக்கமான ரயில்கள் நின்றுவிட்டன. கப்பல் மட்டும் தீவிலேயே இருக்கிறது. இன்று நெடும்பாசேரியில் இறங்கினால் தீவுக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், அதுவும் கொச்சியின் நெரிசலுக்குள்ளே.

அந்த நெடும்பாசேரிக்குத் தென்காசியிலிருந்து எப்படிப் போவது? வாகைகுளம் விமான நிலையத்தின் ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டு, 2025 ஜூலை 26 அன்று புது முனையமும் திறந்தாகிவிட்டது. நம் மாவட்டங்களுக்கு அது உண்மையிலேயே நல்ல செய்தி. ஆனால் அங்கிருந்து வழக்கமாகப் பறப்பது சென்னைக்கும் பெங்களூருக்கும். தொண்ணூறு கிலோமீட்டர் கிழக்கே போய், விமானம் ஏறி, இன்னொரு ஊரில் இறங்கி, மறுபடி ஏறி மேற்கே வருவது என்றால் ஒரு நாள் போய்விடும். அதற்குள் ரயிலில் போனவர் கொச்சியில் புட்டும் கடலையும் சாப்பிட்டு முடித்திருப்பார்.

ஏனென்றால் நமக்குப் பாலருவி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து வரும் இந்த ரயில் நள்ளிரவைத் தாண்டித் தென்காசியில் நிற்கும். செங்கோட்டையில் மலையேறுவதற்காகப் பின்னால் ஓர் எஞ்சினைச் சேர்த்துக்கொண்டு, பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலை என்று ஊர்ந்து இறங்கும். விடியும்போது கொல்லத்தைத் தாண்டியிருப்போம், காலையில் எர்ணாகுளம் டவுன். அங்கிருந்து தீவுக்குப் பத்து கிலோமீட்டருக்குள். செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு இறங்கும் இந்த மலைப் பாதை 1904இல் போட்டது, அகலப் பாதையாக மாறி 2018இல் முழுமையாகத் திறந்தது. கொச்சிக்குப் போகிற தென்காசிக்காரருக்கு விமான நிலையமே தேவையில்லை என்பதுதான் என் கணிப்பு. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ரயில் நம் ஊருக்கு வருவது நள்ளிரவுக்குப் பிறகு என்பதால், தென்காசியில் ஏறும் தேதி மறுநாள் தேதி. வெள்ளி இரவு சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போகிறவர் கையில் சனிக்கிழமை டிக்கெட் இருக்க வேண்டும்.

சென்னைக் கணக்கு இன்னும் எளிது. பொதிகை எக்ஸ்பிரஸில் சாயங்காலம் ஏறிப் படுத்தால் விடிகாலையில் எழும்பூர். அங்கிருந்து துறைமுக வாசல் ஐந்தாறு கிலோமீட்டர். விமானத்தில் போனால் மீனம்பாக்கத்திலிருந்து இருபது கிலோமீட்டர் நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும்.

அப்படியானால் விமானம் எப்போது உதவும்? கப்பல் மும்பையிலோ சிங்கப்பூரிலோ காத்திருக்கும்போது. அங்கே திருவனந்தபுரமும் மதுரையும் முந்திக்கொள்ளும். திருவனந்தபுரம் நூறு கிலோமீட்டரை ஒட்டி என்றாலும், புளியரை வளைவுகளில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் நாளில் அந்தக் கிலோமீட்டருக்கு அர்த்தமில்லை. இன்னொன்றும் உண்டு. ஐப்பசியிலும் பங்குனியிலும் பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குத் திருவனந்தபுரம் விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்துதான் போகும். அன்று மாலை ஏறத்தாழ ஐந்து மணி நேரம் விமானங்கள் எதுவும் ஏறாது, இறங்காது. சுவாமி போகும் வழிக்கு விமானம் ஒதுங்கி நிற்பதை நினைத்தாலே எனக்கு மனசு நிறைகிறது. ஆனால் நம் விமானம் அந்த நேரத்துக்குள் இல்லை என்பதை டிக்கெட் போடும் முன்பே பார்த்துக்கொள்வோம்.

டிக்கெட்டில் இருக்கும் ஊர்ப் பெயரையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கோலாலம்பூர் என்று போட்டிருந்தாலும் அந்த ஊருக்குக் கடலே இல்லை, கப்பல் நிற்பது போர்ட் கிளாங்கில். ரோம் என்றால் சிவிட்டாவெக்கியா, லண்டன் என்றால் பெரும்பாலும் சவுத்தாம்ப்டன். சிங்கப்பூரில் ஊர் ஒன்று, முனையம் இரண்டு: ஹார்பர்ஃபிரன்ட், மரீனா பே. மும்பையில் கப்பல்துறை பல்லார்ட் பியரில்; விமான நிலையமோ இப்போது பழையது ஒன்று, நவி மும்பையில் புதியது ஒன்று. முனையத்தின் பெயரை முழுசாக எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் விமானம் தேட வேண்டும்.

இனி நேரம். சீட்டில் 'புறப்பாடு மாலை 5' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'போர்டிங் க்ளோஸ்' என்று இன்னொரு நேரம் இருக்கும். நமக்கு வேண்டியது அந்தச் சின்ன எழுத்துதான். ஏறியவர்களின் முழுப் பட்டியலையும் குடியுரிமை, சுங்க அதிகாரிகளிடம் கொடுத்தாக வேண்டும். கால்வாய் வழியாகக் கப்பலை வெளியே கொண்டுபோக, துறைமுகத்தின் ஆழம் அறிந்த வழிகாட்டி மாலுமி (பைலட் என்பார்கள்) குறித்த நேரத்தில் ஏறுவார். அதனால் புறப்பாட்டுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே வாசலை மூடிவிடுகிறார்கள். ஒரு குடும்பத்துக்காக அது திறக்காது.

ஆகவே முந்தின நாளே கப்பல் ஊருக்குப் போய்த் தங்குவது வீண் செலவு இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுவிட்டது, தூத்துக்குடி விமானங்கள் ரத்தாயின. சுற்றுலாக் கப்பல்கள் கொச்சிக்கு நிறைய வருகிற காலமும் அதே டிசம்பர்தான்.

திரும்பி வரும்போது கணக்கு சற்றுத் தளர்கிறது. கப்பல் பெரும்பாலும் காலையிலேயே துறை சேர்ந்தாலும் எல்லோரும் ஒன்றாக இறங்க முடியாது. பெட்டிகள் முன்னால் போகும், தளம் தளமாக அழைப்பார்கள், வெளிநாடு போய் வந்திருந்தால் பாஸ்போர்ட் முத்திரையும் உண்டு. மதியத்துக்கு முன்னால் விமானமோ ரயிலோ போடாமல் இருப்பது நல்லது. கொச்சியில் இறங்கியவருக்குப் பாலருவி மாலையில்தான், தென்காசிக்கு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிடும். ஆட்டோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.