குளிரில் சீராகும் ஆடி

அடுப்பிலிருந்து இறக்கி வைத்த தோசைக்கல் ஒளி விடுவதில்லை. எனினும் கையை அருகே கொண்டு சென்றால் அதன் சூடு உறைக்கிறது. கண்ணுக்குப் புலப்படாமல் அதிலிருந்து புறப்படும் அகச்சிவப்புக் கதிர்களே அதற்குக் காரணம். தூசி மேகங்களுக்குள் பிறக்கும் விண்மீன்களையும், மிகத் தொலைவிலுள்ள அண்டங்களையும் அறிய வானியலார் இக்கதிர்களையே நாடுகின்றனர்.

ஆனால் இதில் ஒரு தொல்லை உண்டு. வெப்பமுள்ள பொருள் எதுவாயினும் இக்கதிர்களை வீசும். தொலைநோக்கியின் ஆடியும் அதற்கு விலக்கன்று. தானே கதிர் வீசும் ஆடியைக் கொண்டு மங்கலான விண்மீனைத் தேடுவது, நண்பகலில் மின்மினியைத் தேடுவது போன்றதாகும். ஆகவேதான் ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியின் ஆடி, சுழிக்குக் கீழே ஏறத்தாழ 220 பாகை செல்சியசுக் குளிரிலும் அதற்கும் கீழேயும் பணியாற்றுமாறு அமைக்கப்பட்டது.

6.5 மீட்டர் அகலமுள்ள இவ்வாடி 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது. ஒவ்வொன்றும் பெரிலியம் என்னும் உலோகம். எடை குறைவு, விறைப்பு மிகுதி, கடுங்குளிரிலும் உருவம் அதிகம் மாறாது என்பவை அதன் சிறப்புகள். அதன் தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் கெடும். ஆதலால் மிகுந்த காப்புடன் கையாளவேண்டும். பெரிலியப் பொடியைச் சூட்டிலும் அழுத்தத்திலும் கட்டியாக்கி, பின்புறத்தைத் தேன்கூடுபோல் குடைந்தெடுத்தனர். சுமார் 250 கிலோவாக இருந்த பாளம் முடிவில் 20 கிலோ அளவுக்கு மெலிந்தது! மேற்பரப்பில் அகச்சிவப்பை நன்கு எதிரொளிக்கும் தங்கப் பூச்சு. 18 துண்டுகளுக்கும் சேர்த்துச் செலவான தங்கம் சுமார் 48 கிராம், அதாவது ஆறு பவுன். நம் ஊர்க் கல்யாணம் ஒன்றுக்குக்கூட இது போதாது என்பார்கள்.

இனித்தான் வியப்பான பகுதி. ஆடியைத் தேய்த்து மெருகேற்றுவது சாதாரண அறை வெப்பத்தில். அது வேலை செய்வதோ கடுங்குளிரில். குளிர்ந்தால் உலோகம் சுருங்கும். அதுவும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் சுருங்காது. மேற்பரப்பில் அனுமதிக்கப்பட்ட பிழையோ சுமார் 20 நானோமீட்டர். தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்கு. எனவே அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள மார்ஷல் விண்வெளி மையத்தில் ஆறாறு துண்டுகளாக வெற்றிட அறையில் வைத்து, ஹீலியத்தால் குளிர்வித்து, சன்னலுக்கு வெளியிலிருந்து லேசர் ஒளி கொண்டு அளந்தனர். எங்கே மேடு தோன்றுகிறது, எங்கே பள்ளம் விழுகிறது என்று படம் எடுத்துக்கொண்டனர். பின்பு கலிபோர்னியாவில், குளிரில் மேடாகப்போகும் இடத்தை முன்கூட்டியே பள்ளமாகத் தேய்த்தனர். வெளியே வைத்துப் பார்த்தால் அது கோணலான ஆடி. குளிருக்குள் சென்றால்தான் செவ்விய ஆடி. சரியென்பதை உறுதிசெய்ய மீண்டும் குளிரறை, மீண்டும் அளவு.

இவ்வளவு சோதனை ஏன் என்று கேட்கலாம். 1990-இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் கதை அப்படி. அதன் ஆடியைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் தவறி அமைந்திருந்தது. கருவி காட்டியபடியே ஆடி மிக நேர்த்தியாகத் தவறான உருவத்தில் தேய்க்கப்பட்டது. வேறு எளிய கருவிகள் பிழையைக் காட்டியும், அவை அத்துணைத் துல்லியமானவை அல்ல என்று ஒதுக்கிவிட்டனராம்! 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று குறையைச் சரிசெய்தனர். வெப் இருப்பதோ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில். அங்கே சென்று பழுதுபார்க்க வழியில்லை. ஆதலால் 2017-இல் ஆடி முழுவதையும் ஹூஸ்டன் நகரின் மாபெரும் குளிரறையில் மீண்டும் சோதித்தனர். இடையே ஹார்வி புயல் நகரை வெள்ளக்காடாக்கியபோதும் பணியாளர் அங்கேயே தங்கிச் சோதனையைத் தொடர்ந்தனர்.

2021 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று வெப் விண்ணேறியது. 2022 பிப்ரவரியில் ஒரே விண்மீனை நோக்கித் திருப்பியபோது 18 துண்டுகளும் 18 தனிப் புள்ளிகளைக் காட்டின. ஒவ்வொரு துண்டின் பின்னும் உள்ள சின்னஞ்சிறு மோட்டார்கள் அவற்றை மெல்ல மெல்ல நகர்த்தின. மார்ச்சு மாதத்தில் பதினெட்டும் ஒரே கூரிய புள்ளியாயின.