கடன் கொடுப்போரும் இலவச வைத்தியமும்

கடன் கொடுப்பவர் பணத்தோடு ஆலோசனையையும் சேர்த்துக் கொடுப்பது உலக வழக்கம். தனிமனிதர்க்குப் பொருந்தும் இவ்வுண்மை நாடுகளுக்கும் பொருந்துவதாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மேனாட்டு வைத்தியம் தருமத்தின் வழியே வேரூன்றியது. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் நோய் தீர்த்ததோடு, தமிழிலே மருத்துவங் கற்பித்து நூல்களும் ஆக்கினார். இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையும் 1850இல் தரும முயற்சியாகத் தோன்றிப் பின்னரே அரசாங்கத்தின் பொறுப்பாயிற்று. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டபோது, தருமமாயிருந்தது குடிமக்களின் உரிமையாயிற்று.

இவ்வுரிமை சோதனைக்கு உள்ளாகாமலில்லை. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை வந்தது; 1977இல் அது கைவிடப்பட்டது. 1987இல் உலக வங்கி வெளியிட்ட அறிக்கையொன்று, வளர்முக நாடுகள் நோயாளரிடம் கட்டணம் பெறவேண்டும், காப்புறுதியை வளர்க்கவேண்டும், தனியார்க்கு இடமளிக்கவேண்டும் என்றது. ஆபிரிக்க நாடுகள் பல கட்டணமுறையை மேற்கொண்டன. இலங்கையோ இலவச முறையைக் கைவிடவில்லை. 2013இல் அவ்வங்கியின் தலைவராயிருந்த ஜிம் யொங் கிம், சிறு கட்டணங்கூட ஏழைகளைத் தடுக்கும் அநீதியே என உலக சுகாதாரப் பேரவையில் ஒப்புக்கொண்டார்.

எனினும் கடன் கொடுப்போரின் செல்வாக்குக் கட்டணத்தின் வழியாக மட்டும் வருவதன்று. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்திற்று. ரூபாவின் பெறுமதி வீழ, இறக்குமதியை நம்பியிருந்த மருந்துகளுக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. உலக வங்கி வேறு திட்டங்களுக்கு ஒதுக்கிய பணத்தை மருந்து வாங்கத் திருப்பி உதவிற்று. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுக்கு இசைந்தது. வட்டி நீங்கலான செலவிலும் அரசின் வரவு மிகுந்திருத்தல் வேண்டும். 2025 முதல் அம்மிகுதி நாட்டு உற்பத்தியில் 2.3 வீதமாதல் வேண்டும் என்பது அதன் முக்கிய இலக்கு. வைத்தியசாலையை மூடுமாறு அது கூறவில்லை. ஆயினும் தாதியர் நியமனமும் கருவிக் கொள்வனவும் அதே திறைசேரியையே நோக்கி நிற்பன.

நெடுந்தீவிலிருந்து படகிற் குறிகட்டுவான் வந்து, பஸ் ஏறி யாழ்ப்பாணம் சேரும் நோயாளிக்கு வைத்தியம் இலவசமே. ஆனால் மருந்துத் துண்டை வெளிக்கடைக்குக் கொண்டுபோக நேரின், அங்கே அவர் கொடுப்பதும் கட்டணமே, பெயர்தான் வேறு.

கடனின்றி நாடு நடத்தல் அரிது. ஆதலின் ஒப்பந்தத்திற் கையொப்பமிடுவோர், திறைசேரியிற் குறைந்த செலவு எவர் மடிக்கு மாறிற்று என்பதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.