டயர் தேய்வதேன்?

காய்கறியும் நெல் மூட்டையும் ஏற்றி நெடுஞ்சாலையில் விரையும் சிறு சரக்கு வண்டிகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவற்றின் எஞ்சின் எத்துணை ஆற்றல் வாய்ந்ததாயினும், அவ்வாற்றல் தரையைத் தொடும் இடம் மிகச் சிறியதே. ஒவ்வொரு டயரும் விரித்த கையளவு இடத்தில்தான் சாலையோடு உறவு கொள்கிறது. அந்தக் கையளவு இரப்பர் தேய்வது ஏன், அதன் ஆயுளை நீட்டிப்பது எவ்வாறு என்பதை இன்று ஆராய்வோம்.

1839ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் என்பார் இரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதி பெறுவதைக் கண்டார். 1888ஆம் ஆண்டில் ஜான் பாய்ட் டன்லப், காற்றடைத்த டயரை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். வண்டியின் சுமையைத் தாங்குவது பெரும்பாலும் இரப்பர் அன்று. அதனுள் அடைபட்ட காற்றே. இவ்வுண்மையை மனத்திற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு டயரின் மேல் 600 கிலோகிராம் சுமை இருப்பதாகக் கொள்க. காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோகிராம் எனில், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் 2 ஆகக் குறைந்தால் அப்பரப்பு 300 ஆகிவிடும். அதாவது டயர் தட்டையாகிறது. நடுப்பகுதி உள்வாங்க, இரு ஓரங்களும் சுமையை ஏற்றுத் தேய்கின்றன. அளவுக்கு மீறிக் காற்றடைத்தாலோ நடுப்பகுதி புடைத்து, அதுவே தனியாகத் தேய்கிறது.

இதனினும் பெரிய தீங்கு வெப்பம். டயரின் சுற்றளவு 2.2 மீட்டர் எனக் கொண்டால், 100 கிலோமீட்டர் ஓடுவதற்குள் அது ஏறத்தாழ 45,000 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் அதன் பக்கச்சுவர் ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. காற்றுக் குறைந்த டயர் மிகுதியாக வளையும், மிகுதியாகச் சூடேறும், இறுதியில் வெடிக்கவும் கூடும்.

என் பழைய மாணவர் ஒருவர் ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிச் செல்லும் வண்டிக்கு உரிமையாளர். கடன் பெற்று வாங்கிய வண்டி அது. முன்சக்கரத்தின் ஒரு டயர் சில மாதங்களிலேயே மொட்டையாகிவிட்டது என்று வருந்தினார். பார்த்தேன், வெளியோரம் மட்டும் வழுக்கையாய் இருந்தது. இரு ஓரமும் தேய்ந்திருப்பின் காற்றைக் குறை கூறலாம். ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரம் நேர்கோட்டில் ஓடவில்லை என்பதே பொருள். வீல் அலைன்மென்ட் பார்க்குமாறு சொன்னேன். சக்கரம் சிறிதளவு கோணினாலும், அது உருள்வதோடு சாலையில் உரைந்துகொண்டும் செல்கிறது. அழிரப்பர் தாளில் தேய்வது போலத்தான் இதுவும். தேய்ந்த அடையாளத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்கு டயர் ஒரு விடைத்தாள்.

ஓட்டும் முறைக்கும் இதில் பங்குண்டு. வேகம் இரு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். வளைவில் டயரைப் பக்கவாட்டில் இழுக்கும் விசையும் அவ்வாறே நான்கு மடங்காகும். திடீரெனப் பிரேக் போடுபவரும், வளைவில் விரைபவரும் தம் பணத்தைச் சாலையில் பூசிச் செல்கிறார்கள். சுமையை மிகுத்து ஏற்றுபவரும் அத்தகையோரே. சுமைக்கு எல்லை உண்டு என்பதை வள்ளுவர் மயிற்பீலியைக் காட்டியே உணர்த்தினார் அல்லவா?

இனி, செய்யத்தக்கவை சில. வண்டி மூன்று மணி நேரமாவது நின்று டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைக் கண்டு காற்றை வெளியேற்றலாகாது. சுமைக்கு ஏற்ற அழுத்தத்தை வண்டியின் கையேடு கூறும். ஏறத்தாழ 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, கையேடு காட்டும் முறைப்படி டயர்களை இடம் மாற்றினால் நான்கும் ஒத்துத் தேயும். டீசலும் எண்ணெயும் இரப்பரை ஊதச் செய்து கெடுக்கும். ஆதலின் உடனே துடைத்துவிடுக. பட்டன் இடுக்கில் சிக்கிய கற்களை அகற்றுக.

ஆயினும் ஒன்றை மறவற்க. ஆயுளை நீட்டிப்பது வேறு. ஆயுள் முடிந்த பின்னும் ஓட்டுவது வேறு. டயரின் பள்ளங்களுக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் உள்ளன. மேற்பரப்பு அம்மேடுகளின் மட்டத்திற்கு வந்துவிட்டால் டயரை மாற்றியே தீரவேண்டும். அப்பள்ளங்களே மழைநீரை வெளியேற்றுகின்றன. அவை அற்றுப்போனால் சக்கரத்திற்கும் சாலைக்கும் இடையே நீர் படலமாக நிற்கும், வண்டி வழுக்கும், பிரேக்கும் பயன் தராது. அப்போது இழப்பது டயரின் விலையன்று. சாலையில் நடந்து செல்லும் ஒருவரின் உயிராகவும் இருக்கலாம்.

உங்கள் தெருவில் நிற்கும் வண்டியின் டயரை, உரியவரின் இசைவு பெற்று, நாளை உற்று நோக்குங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் காணப்படும். முதலிரண்டு, அது செய்யப்பட்ட வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். பிறகு தேய்மானத்தைக் கண்டு காரணத்தைக் கூற முயலுங்கள். வகுப்பில் கற்ற அழுத்தமும் உராய்வும் தெருவில் உங்களுக்காகக் காத்திருக்கின்றன.