டிசைன் வரும், கோடிங் வராது: வேர்ட்பிரஸ் தீம் உருவாக்க வெப் டிசைனர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

ஃபிக்மாவில் நீங்கள் போட்ட டிசைன் அழகாக இருக்கிறது. கிளையன்ட்டும் "சூப்பர்ங்க, இதையே போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டார். ஃபைலை டெவலப்பரிடம் கொடுக்கிறீர்கள். ஒரு மாதம் கழித்து தளம் வெளியாகிறது. அடுத்த வாரமே போன் வருகிறது: "என்னங்க, தலைப்பு நாலு வரி போகுது, பட்டன் படத்து மேல ஏறி நிக்குது. நீங்க காட்டினது இப்படி இல்லையே!"

தப்பு யார் மேல்? டிசைனர் டெவலப்பரைச் சொல்வார், டெவலப்பர் டிசைனரைச் சொல்வார். உண்மையில் இருவருக்கும் நடுவே ஒரு வேலை செய்யப்படாமல் விடுபட்டிருக்கிறது. தினமும் மாறும் உள்ளடக்கத்தைத் தாங்குகிற மாதிரி டிசைனை அமைப்பதுதான் அந்த வேலை. அதுதான் தீம் உருவாக்கம்.

ரெடிமேட் டெம்ப்ளேட்களும் ஏஐ கருவிகளும் நிமிடங்களில் ஒரு பக்கத்தை வரைந்து தரும் காலம் இது. வரைந்து தருவதோடு நிற்காமல், இயங்கும் தளமாகவே கொடுக்கத் தெரிந்த டிசைனருக்கு அது பெரிய பலம். ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஓரளவு தெரிந்திருந்தால் போதும், இதைக் கற்றுக்கொள்ளலாம். எப்படி என்று பார்க்கலாம்.

தீம் என்றால் என்ன?

கல்யாணப் பத்திரிகை அச்சகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாடல் கார்டு ஒன்றுதான். மணமக்கள் பெயர், தேதி, மண்டபம் மட்டும் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மாறும். பெயர் சின்னதாக இருந்தாலும், பட்டமும் பதவியும் சேர்ந்து இரண்டு வரி நீண்டாலும் கார்டு பார்க்க நன்றாக இருக்க வேண்டும்.

வேர்ட்பிரஸ் போன்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருளும் இப்படித்தான் இயங்குகிறது. கட்டுரை, தேதி, எழுதியவர் பெயர் எல்லாம் டேட்டாபேஸில் இருக்கும். தீம் என்பது அந்த மாடல் கார்டு. அதனால்தான் தீமை மாற்றினாலும் கட்டுரைகள் அப்படியே இருக்கின்றன.

2003-ல் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் தொடங்கிய வேர்ட்பிரஸில், தீம் வசதி 2005-ல் 1.5 பதிப்பில் வந்தது. இன்று உலக இணையதளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் வேர்ட்பிரஸில் இயங்குவதாக டபிள்யூ3டெக்ஸ் கணக்கு சொல்கிறது. முதலில் இதைக் கற்பது நல்லது என்பதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

டிசைனர்கள் சறுக்குவது எங்கே?

பெரும்பாலும் கோடிங்கில் இல்லை. 'ஒரு பக்கம்' என்று யோசிப்பதில்தான். தீமில் நீங்கள் வரைவது ஒரு பக்கத்தை அல்ல, ஒரு வகைப் பக்கத்தை. எனவே கோடிங்கைத் தொடும் முன்பே சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

தலைப்பு 3 சொல்லாக இருந்தால்? 20 சொல்லாக இருந்தால்? கட்டுரைக்குப் படமே போடாவிட்டால்? ஒரு பிரிவில் ஒரே ஒரு பதிவுதான் இருந்தால்? தேடலில் எதுவும் கிடைக்காவிட்டால்? தவறான முகவரிக்குப் போனால் வரும் 404 பக்கம் எப்படி இருக்கும்? இவற்றையும் வரைந்து வைத்தால், தொடக்கத்தில் சொன்ன போன் வருவதற்கு வாய்ப்பு குறைவு.

தீமுக்குள் என்ன இருக்கிறது?

வேர்ட்பிரஸில் இப்போது இரண்டு வகை தீம்கள் உண்டு.

முதலாவது, பழைய முறையான கிளாசிக் தீம். குறைந்தபட்சம் ஸ்டைல்.சிஎஸ்எஸ், இண்டெக்ஸ்.பிஹெச்பி என்ற இரண்டு ஃபைல்கள் இருந்தாலே அது தீம்தான். ஸ்டைல் ஃபைலின் மேலே ஒரு குறிப்பில் தீமின் பெயரை எழுத வேண்டும். இங்கே டெம்ப்ளேட்கள் பிஹெச்பி மொழியில் இருக்கும்.

இரண்டாவது, பிளாக் தீம். 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பில் பிளாக் எடிட்டர் அறிமுகமானது. 2022 ஜனவரியில் 5.9 பதிப்பு வந்தபோது, தலைப்பகுதி, அடிப்பகுதி உட்பட முழுத் தளத்தையும் பிளாக்குகளாலேயே கட்டலாம் என்றானது. இதில் டெம்ப்ளேட்கள் ஹெச்டிஎம்எல் ஃபைல்கள். பிஹெச்பி தெரியாமலே தொடங்க முடிவது இதனால்தான்.

இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: டெம்ப்ளேட் வரிசை. யாராவது ஒரு பக்கத்தைத் திறந்தால், அதற்கென்றே தனி டெம்ப்ளேட் இருக்கிறதா என்று வேர்ட்பிரஸ் முதலில் தேடும். இல்லையென்றால் அதைவிடப் பொதுவான ஒன்றை எடுக்கும். உதாரணமாக, 'விளையாட்டு' பிரிவைத் திறந்தால் அந்தப் பிரிவுக்கான டெம்ப்ளேட், அது இல்லையென்றால் எல்லாப் பிரிவுகளுக்குமானது, அதுவும் இல்லையென்றால் தொகுப்புப் பக்கத்துக்கானது, கடைசியில் இண்டெக்ஸ். இந்த ஒரு விதி மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தீம்.ஜேசன் ஏன் முக்கியம்?

பிளாக் தீமில் டிசைனர் அதிக நேரம் செலவிட வேண்டிய ஃபைல் இதுதான். 2021-ல் 5.8 பதிப்பில் வந்தது. நிறங்கள், எழுத்துரு அளவுகள், இடைவெளிகள், பக்கத்தின் அகலம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இங்கே எழுதலாம். ஃபிக்மாவில் நீங்கள் வைத்திருக்கும் கலர் ஸ்டைல், டெக்ஸ்ட் ஸ்டைல்களை அப்படியே இங்கே கொண்டுவரலாம்.

இன்னொரு லாபமும் உண்டு. "கிளையன்ட் அவரே ஒரு சிவப்பு கலரை போட்டு மொத்தத்தையும் கெடுத்துட்டாரு" என்று புலம்பாத டிசைனர் இல்லை. தீம்.ஜேசனில் விருப்ப நிறத் தேர்வை அணைத்துவிட்டு, இயல்பாக வரும் நிறங்களையும் எடுத்துவிட்டால், நீங்கள் கொடுத்த நிறங்கள் மட்டுமே எடிட்டரில் தெரியும்.

எப்படிப் பழகுவது?

1. முதலில் வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்டைத் திறங்கள். எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே வேர்ட்பிரஸ் இயங்கும். சேமிக்காமல் மூடினால் செய்தது போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

2. ட்வென்டி ட்வென்டி-ஃபைவ் போன்ற இயல்புநிலை தீமைப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஃபைலும் எந்தப் பக்கத்துக்கு என்று கண்டுபிடியுங்கள்.

3. அடுத்தவர் தீமை மாற்றுவதென்றால் நேரடியாகக் கைவைக்காதீர்கள். அப்டேட் வந்தால் உங்கள் மாற்றங்கள் அழிந்துவிடும். சைல்டு தீம் உருவாக்கி அதில் மாற்றுங்கள்.

4. உங்கள் பழைய டிசைன் ஒன்றை எடுத்து புதிதாக ஒரு பிளாக் தீமாக்குங்கள். 'கிரியேட் பிளாக் தீம்' என்ற இலவச பிளகின் இதற்கு உதவும். சைட் எடிட்டரில் செய்யும் மாற்றங்கள் ஃபைலில் சேராமல் டேட்டாபேஸில் சேமிக்கப்படும். "ஃபைலை மாத்தினேன், தளத்துல ஒண்ணும் மாறலையே" என்று குழம்புவது இதனால்தான். அந்த மாற்றங்களை ஃபைலுக்குள் எழுதித் தருவது இந்த பிளகின்.

5. வேர்ட்பிரஸ் தரும் தீம் சோதனைத் தரவை ஏற்றிப் பாருங்கள். மிக நீண்ட தலைப்பு, தலைப்பே இல்லாத பதிவு என்று வம்பான மாதிரிகள் எல்லாம் அதில் இருக்கும்.

பிஹெச்பி பிறகு வரட்டும். கிளாசிக் தீமில் இயங்கும் ஏராளமான தளங்களைப் பராமரிக்க அது வேண்டும்தான். ஆனால் முழு மொழியும் தேவையில்லை. 'பதிவுகள் இருக்கும்வரை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டு' என்ற லூப், 'இது இருந்தால் மட்டும் காட்டு' என்ற நிபந்தனை, இந்த இரண்டில் தொடங்கினால் போதும்.

தமிழ்த் தளம் என்றால்?

ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த தீம் தமிழில் தடுமாறும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. எனவே மெனுவைப் பெரிய எழுத்தில் போட்டு எடுப்பாகக் காட்டும் உத்தி இங்கே பலிக்காது. நிறம் அல்லது தடிமனை நம்ப வேண்டும். சொற்கள் நீளமானவை, மொபைலில் ஓரம் தாண்டிப் போகும். மேலும் கீழும் நீளும் எழுத்துகளுக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும்.

தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால், பிரவுசர் போனில் இருக்கும் வேறொன்றைக் காட்டிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்ற இலவச எழுத்துருக்களைத் தீமுடனேயே சேர்த்துவிடலாம். முக்கியமாக, லோரம் இப்சம் வேண்டாம். உண்மையான தமிழ்க் கட்டுரையை ஒட்டிப் பாருங்கள்.

எதில் கவனமாக இருக்க வேண்டும்?

காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம்கள் 'நல்டு' என்ற பெயரில் இலவசமாகச் சுற்றுகின்றன. அவற்றில் தீங்கான கோடு ஒளிந்திருக்கலாம், முறையான அப்டேட்டும் கிடைக்காது. கிளையன்ட் தளத்தில் அதைப் போட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

பிஹெச்பி எழுதத் தொடங்கியதும், டேட்டாபேஸிலிருந்து வரும் எதையும் அப்படியே திரையில் காட்டாதீர்கள். எஸ்கேப் செய்த பிறகே காட்டுங்கள். இல்லையென்றால் யாரோ புகுத்திய ஸ்கிரிப்ட் உங்கள் வாசகரின் பிரவுசரில் ஓடலாம். வேர்ட்பிரஸ்.ஆர்க் தீம் தொகுப்பில் சேர்க்க விரும்பினால், படம், எழுத்துரு உட்பட எல்லாமே ஜிபிஎல் உரிமத்துக்கு ஒத்துப்போக வேண்டும்.

இதைக் கற்றபின் வேறு மென்பொருளுக்குப் போவதும் சுலபம். ட்ரூபலில் டெம்ப்ளேட் மொழி ட்விக், ஷாப்பிஃபையில் லிக்விட். மொழி மாறினாலும் கேள்வி ஒன்றுதான்: இந்த இடத்தில் என்ன வந்து உட்காரும், வராமல் போனால் என்ன ஆகும்?

இந்த வார இறுதியில் உங்கள் பழைய டிசைன் ஒன்றைத் திறங்கள். அதன் தலைப்பை 20 சொல்லாக்கி, படத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். எங்கே உடைகிறதோ, அங்கிருந்தே தொடங்கலாம்.